குதிரையின் முன்கால்கள்

அமெரிக்கக் கார் ரசிகர்களிடம் போய், இதுவரை வந்த மஸ்டாங்குகளிலேயே மட்டமானது எது என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் யோசிக்காமல் மஸ்டாங் 2 என்பார்கள். 1974 முதல் 1978 வரை ஃபோர்டு விற்ற சின்னக் கார் அது. பின்டோ என்ற மலிவு விலைக் காரின் அடித்தளத்தில் கட்டியது. முதல் வருடம் வி8 என்ஜின்கூடக் கிடையாது. காட்டுக்குதிரையின் பெயரை வைத்துக் கழுதையை விற்றுவிட்டார்கள் என்ற கோபம் ஐம்பது வருடமாக ஆறவில்லை.

அதே ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் வண்டி, 1953-56 ஃபோர்டு எஃப்-100 பிக்கப். பழைய வண்டிக் கண்காட்சிகளில் அதன் உருண்ட முகப்பின் முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். அப்படிப் பளபளக்கும் வண்டிகளில் பலவற்றின் அடியில் குனிந்து பார்த்தால், முன்சக்கரங்களைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்த மட்டமான மஸ்டாங்கின் சஸ்பென்ஷன். யாரும் விரும்பாத ஒரு காரின் கால்களில் எல்லோரும் விரும்பும் ஒரு வண்டி எப்படி வந்து நின்றது?

எஃப்-100 பிறந்தபோது அதன் முன்பக்கம் மாட்டுவண்டியைத் தாண்டி ரொம்ப தூரம் வந்திருக்கவில்லை. ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஒரே இரும்பு அச்சு, வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'ஐ' எழுத்து மாதிரி இருக்கும். அதன் மேல் இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங். அவ்வளவுதான். இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சு சாயும், வலது சக்கரமும் கூடவே சாயும். சுழலும் பம்பரத்தைத் தட்டிச் சாய்த்தால் அது தட்டிய பக்கம் போகாமல் வேறு திசையில் திரும்பும் இல்லையா? சுழலும் சக்கரமும் அப்படித்தான். சாய்த்தால் திரும்பப் பார்க்கும், திரும்பினால் சாயப் பார்க்கும். வேகம் கூடினால் இது ஒன்றையொன்று தூண்டி, ஸ்டியரிங் கையில் உதறும். ஷிம்மி என்று இதற்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

இதற்குத் தீர்வு தெரியாமல் இல்லை. ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் உழைத்ததில், 1934-லேயே அந்த நிறுவனத்தின் கார்களில் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டன. ஃபோர்டு கார்களுக்கு அது 1949-இல் வந்தது. பிக்கப்புக்கு? செவர்லே 1960-இல் கொடுத்தது. ஃபோர்டு 1965-இல், அச்சை இரண்டாக்கிக் குறுக்கும் மறுக்குமாகப் போட்டு 'ட்வின் ஐ-பீம்' என்று ஒரு பாதி வழியைக் கண்டுபிடித்தது. 1934-க்கும் 1960-க்கும் நடுவில் 26 வருடம்! ஒற்றை அச்சு மலிவு, உறுதி, பாரம் தாங்கும், கிராமத்துக் கொல்லரே சரிபண்ணிவிடலாம். இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனாலும் பண்ணையில் வைக்கோல் ஏற்றுகிறவனுடைய முதுகு யாருடைய கணக்கிலும் வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பிக்கப்பை ஊர்ப்பக்கக் குடும்பங்கள் காராகவும் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் அதற்குச் சொகுசு வந்தது.

நடுவில் சாலை மாறிவிட்டது. 1956-இல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைலுக்கு அதிவேக நெடுஞ்சாலை போடச் சொன்னது. மண்ரோட்டில் நாற்பது, நாற்பத்தைந்து மைலில் ஓடுவதற்கென்று வந்த வண்டி, அறுபத்தைந்தில் ஓட வேண்டியதாயிற்று. பள்ளிக்கூட இயற்பியல்தான்: இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 45-லிருந்து 65-க்குப் போனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்குக்கு மேல்.

எஃப்-100-இல் இருந்தது நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்மின் சிக்கல் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. ஷூ உள்ளேயிருந்து வெளியே அழுத்தும். சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். அதாவது எப்போது பிரேக் அதிகம் வேண்டுமோ அப்போது அது கையை விரிக்கும். டிஸ்க்கில் தட்டு சூடாகி விரிந்தால் பேடை நோக்கித்தான் விரியும், காற்றும் படும். இதைவிடப் பயமுறுத்துவது இன்னொன்று. நான்கு சக்கரத்துக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறை. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போச்சு. மென்பொருள்காரர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம், அதைக் கூட்டங்களில் சாவகாசமாகப் பேசுவோம். இங்கே அது இறக்கத்தில் கால் தரையைத் தொடுகிற விஷயம்.

டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் நான் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு 1955 எஃப்-100 வைத்திருந்தார். அவர் அப்பா புதிதாக வாங்கியது. ஒரு ஆணிகூட மாற்ற மாட்டேன் என்று பல வருடம் பிடிவாதமாக இருந்தவர், பேத்தி ஓட்ட ஆசைப்பட்டதும் அதன் முன்பக்கத்தை அறுக்க முடிவு செய்தார். ஏன் என்று கேட்டேன். "எங்கப்பா காலத்துல முன்னாடி போற வண்டிக்கும் இதே பிரேக்தான். இப்ப முன்னாடி போறவன் டக்குனு நின்னுடுவான். நான் நிக்க மாட்டேன்," என்றார். வண்டி கெட்டுப்போகவில்லை, சுற்றியிருந்த வண்டிகள் மாறிவிட்டன. இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு இந்தச் சரித்திரத்தைச் சொன்னதில்லை.

சரி, ஏன் மஸ்டாங் 2? பழைய வண்டிக்காரர்கள் காயலான் கடைக்குத்தான் போவார்கள். அங்கே அது குவிந்து கிடந்தது. 1973 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது, அடுத்த மாதமே அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை. முதல் வருடத்தில் மட்டும் 3,85,000-க்கு மேல் விற்றது. ஐந்து வருடத்தில் பத்து லட்சத்தைத் தாண்டியது. பிடிக்காத கார் என்பதால் எடுத்துவைக்கவும் ஆள் இல்லை. அதன் முன்பக்கத்தில் டிஸ்க் பிரேக், காயில் ஸ்பிரிங், அச்சுக்கு முன்னால் பொருந்தும் சின்ன ரேக்-பினியன் ஸ்டியரிங், எல்லாம் ஒரே குறுக்குச்சட்டத்தில் கச்சிதமாக இருந்தன. சட்டத்தோடு அறுத்தெடுத்து வேறு வண்டியில் பற்றவைக்கலாம். பின்டோவிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான். ஆனால் பின்னால் இடி வாங்கினால் பெட்ரோல் டாங்க் தீப்பிடிக்கும் கார் என்று அதன் பெயர் கெட்டு, 1978-இல் சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி ஆனது. 'பின்டோ சஸ்பென்ஷன் போட்டிருக்கேன்' என்று சொல்லிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? மஸ்டாங் என்ற பெயர் நிலைத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

அறுப்பது சுலபம், அளப்பதுதான் வேலை. பெரியவர் முதல் இரண்டு வாரம் வெட்டுக்கருவியைத் தொடவே இல்லை. வண்டியைச் சமமாக நிறுத்தி, பழைய அச்சின் மையத்தைச் சேஸியில் குறித்து, மூலைக்கு மூலை நூல் பிடித்தார். சேஸிச் சட்டம் 'சி' வடிவம், முறுக்கினால் முறுங்கும். அதனால் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடிப் பற்றவைக்க வேண்டும். அகலம் பற்றவில்லை என்று கைகளை நீட்டி, ஸ்டியரிங் ரேக்கை அப்படியே விட்டால் இரண்டின் மூட்டுகளும் ஒரே நேரில் இருக்காது. பிறகு மேட்டில் ஏறும்போதெல்லாம் ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டி தானாகத் திரும்பும்.

பிரேக்கிலும் இப்படி ஒளிந்திருக்கும் கணக்குகள் உண்டு. டிரம் பிரேக்கில் ஒரு ஷூ இன்னொன்றைத் தானே இறுக்கும், காலுக்குப் பாதி வேலை மிச்சம். டிஸ்க் அந்த உதவியைச் செய்யாது, பூஸ்டர் தேவைப்படும். எஃப்-100-இன் மாஸ்டர் சிலிண்டர் கால்மிதிக்குக் கீழே, கேலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது. சும்மா நின்றாலே எண்ணெய் கீழே இறங்கிவிடும், அடுத்த முறை மிதிக்கும்போது பெடல் ஆழமாகப் போகும். அதைத் தடுக்க முன்பக்கக் குழாயில் 2 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் ஒரு சின்ன வால்வு. பின்பக்க டிரம்முக்கு 10. இன்னொரு வால்வு, பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க. காலி பிக்கப்பில் பின்னால் எடையே இருக்காதே, பிரேக் போட்டதும் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுற்றிவிடும்.

பழமைவாதிகளுக்கு இதெல்லாம் கொலைக்குச் சமம். ஒருமுறை சேஸியை அறுத்துவிட்டால் திரும்ப முடியாது என்பது அவர்கள் வாதம், அது உண்மையும்கூட. ஓடாமல் கொட்டகையில் நிற்கிற வண்டிக்கு அவர்கள் பக்கம்தான் நான். சாலைக்கு வரும் வண்டி என்றால் பேத்தி பக்கம். பெரியவர் பழைய அச்சைத் தூக்கிப்போடவில்லை. எண்ணெய் தடவி, துணி சுற்றி, கராஜ் சுவரில் மாட்டிவைத்தார்.

இதில் வேடிக்கை, அவர் பொருத்திய 'மஸ்டாங் 2' எந்த மஸ்டாங்கிலும் இருந்ததில்லை. காயலான் கடைச் சரக்கு தீர்ந்து ரொம்ப காலம் ஆகிறது. இப்போது விற்பது புதிதாகச் செய்த கிட். கீழ்க்கையைத் தாங்கிய பழைய கம்பி போய் அகலமான குழாய்க்கை வந்துவிட்டது. மூலக்காரின் சிறிய டிஸ்க்குக்குப் பதில் ஃபோர்டு கிரனாடாவின் 11 அங்குலத் தட்டு, அதைக் கவ்வுவது ஜெனரல் மோட்டார்ஸ் கேலிப்பர். பெயரும் மூட்டுகளின் வடிவியலும்தான் மிச்சம். நாம் இன்னும் ஃபிளாப்பி படத்தை அழுத்தித்தானே கோப்பைச் சேமிக்கிறோம்.

காயலான் கடையில் இப்போது வேறு சரக்கு. 2003 முதல் 2011 வரை வந்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, அதாவது அமெரிக்கப் போலீஸ் கார். அதன் முன்பக்கம் மொத்தமும் ஒரு அலுமினியச் சட்டத்தில் போல்ட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அகலம் அதிகம் என்பதால் 1957-க்குப் பிறகு வந்த பெரிய எஃப்-100-களுக்குத்தான் பொருந்தும் என்கிறார்கள். பெரியவர் ஒன்று பார்த்துவைத்திருக்கிறார், கதவில் போலீஸ் சின்னம் இருந்த இடம் மட்டும் வெளிறாமல் இருக்கிறதாம்.