காலியிடமும் காலண்டரும்: 2010 மாசசூசெட்ஸ் செனட் இடைத்தேர்தல்

எட்வர்ட் கென்னடி 2009 ஆகஸ்ட் 25 அன்று மறைந்ததால் காலியான மாசசூசெட்ஸ் செனட் இடம், 1953 முதலே கென்னடி சகோதரர்களின் கையில் இருந்தது. நடுவே ஒரு குடும்ப நண்பர் இரண்டாண்டு அடைகாத்துக் கொடுத்ததோடு சரி. 2010 ஜனவரி 19 இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் சுமார் 52 விழுக்காடு வாக்குகளுடன் அதைப் பறித்துக்கொண்டார். பதினான்கு மாதங்களுக்கு முன்புதான் அம்மாநிலம் ஒபாமாவுக்கு 62 விழுக்காடு வாக்களித்திருந்தது.

ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மார்த்தா கோக்லியின் மெத்தனமே காரணம் என்பது வழக்கமான விளக்கம். அதற்குச் சான்றும் உண்டு. புத்தாண்டன்று பாஸ்டன் ஃபென்வே பார்க்கில் ஐஸ் ஹாக்கி ஆட்டம். வாசலில் நின்று வருவோருக்கெல்லாம் கைகொடுத்தார் பிரவுன். அதைப் பற்றிக் கேட்டபோது, குளிரில் அங்கே போய் நின்று கைகுலுக்க வேண்டுமா என்ற தொனியில் பதில் சொன்னார் கோக்லி. பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் நாயகன் கர்ட் ஷில்லிங்கை, பரம வைரியான யாங்கீஸின் ரசிகர் என்று வானொலியில் சொன்னது அடுத்த கூத்து.

சுவையான கதைகள்தாம். ஆனால் இதே கோக்லி, அதே 2010 நவம்பரில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதவிக்கு மீண்டும் நின்று 60 விழுக்காட்டுக்கு மேல் பெற்று வென்றார். எதிராளி வலுவற்றவர் என்பது மெய்யே. எனினும் அன்று மாநிலத்தின் பத்துக் கீழவை இடங்களும் அவர் கட்சிக்கே கிடைத்தன. ஆளுநர் டெவல் பாட்ரிக்கும் வென்றார். தோற்கடித்ததில் வேட்பாளரைவிடத் தேதிக்குப் பங்கு அதிகம் என்பது என் துணிபு.

அந்தத் தேதியைக் குறித்ததே ஜனநாயகக் கட்சியின் சட்டமன்றப் பெரும்பான்மைதான். 1913-இன் பதினேழாம் திருத்தம், செனட்டில் காலியிடம் விழுந்தால் தற்காலிக உறுப்பினரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநருக்குத் தர மாநிலச் சட்டமன்றங்களை அனுமதிக்கிறது. மாசசூசெட்ஸிலும் அவ்வதிகாரம் இருந்தது. நியமனம் பெற்றவர் அடுத்த பொதுத்தேர்தல் வரை நீடிக்கலாம். 2004-இல் ஜான் கெர்ரி அதிபரானால் காலியாகும் அவரது செனட் இடத்தில் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி தம் ஆளை அமர்த்திவிடுவாரே என்ற அச்சத்தில், அவரது தடையை மீறி அதிகாரத்தைப் பிடுங்கினார்கள். 145 முதல் 160 நாளுக்குள் தேர்தல் என்று எழுதி வைத்தார்கள். கெர்ரி தோற்றார், சட்டம் நின்றது.

2009-இல் சாகும் தறுவாயில் கென்னடியே இடைக்கால நியமனத்துக்கு வழிவிடக் கேட்டார். இப்போது ஆளுநர் தம் கட்சிக்காரர் ஆதலால் சட்டத்தை மறுபடி வளைத்தார்கள். பால் கிர்க் நியமிக்கப்பட்டார். நாள் கெடுவை மட்டும் தொடவில்லை. 2004-க்கு முந்தைய விதி அப்படியே இருந்திருந்தால், பாட்ரிக் நியமித்தவர் 2010 நவம்பர் வரை அமர்ந்திருப்பார். மசோதாவை முடிவில்லாப் பேச்சால் முடக்குவதை முறியடிக்கத் தேவையான அறுபதாவது வாக்கும் தப்பியிருக்கும். மாறாக, சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் அந்தரத்தில் தொங்கிய வாரத்தில், வேறெந்தப் போட்டியும் இல்லாத நாளில் வாக்கெடுப்பு நடந்தது. நாற்பத்தோராவது எதிர்வாக்காக இருப்பேன் என்பதே பிரவுனின் பிரசாரம். தேசியக் கேள்வி ஒன்றுக்கு ஒரு மாநிலம் தனியே விடையளிக்க நேர்ந்தது.

விளைவாக, செனட்டின் வரைவையே எழுத்து மாறாமல் கீழவை 219–212 என்று ஏற்க வேண்டியதாயிற்று. திருத்தங்கள் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற பட்ஜெட் வழியில் வந்தன. கெர்ரி 2013-இல் வெளியுறவு அமைச்சராகிப் பதவி விலகியபோது, 2004-இல் அஞ்சிய காலியிடம் ஒருவழியாக விழுந்தது. அப்போதும் ஆளுநர் பாட்ரிக்தான்.