பெலே மலை: ஒரு நாள் சுற்றுலாவும் 1902 ஆம் ஆண்டுப் பேரழிவும்

கரிபியக் கடலின் கிழக்கு விளிம்பில் வில்போல் வளைந்து கிடக்கும் சிறிய அண்டிலிசுத் தீவுகளுள் ஒன்று மார்த்தினிக். இது பிரான்சு நாட்டின் கடல்கடந்த ஆட்சிப்பகுதி. தீவின் தென்பகுதி கடற்கரைகளுக்கும், வடபகுதி எரிமலைக்கும் மழைக்காட்டிற்கும் பெயர் பெற்றவை. தலைநகர் போர்-த-பிரான்சிலிருந்து காலையில் புறப்பட்டு, காட்டுப்பாதை வழியாக வடக்கே சென்று, பெலே மலையின் சரிவைப் பார்த்து, சேன் பியேர் நகரின் இடிபாடுகளில் இறங்கி, மாலையில் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்புவது இங்கு வரும் பயணிகளுக்கென அமைந்த வழக்கமான ஒரு நாள் சுற்றுலா ஆகும். வழிகாட்டிகள் அன்று சொல்லும் கதைகளுள் இரண்டு தவறாமல் இடம்பெறும். ஒன்று, தேர்தலுக்காக மக்களை நகரிலேயே தங்க வைத்துவிட்டார்கள் என்பது. மற்றொன்று, நகரம் முழுவதும் அழிந்தபோது சிறையிலிருந்த ஒரே ஒரு கைதி பிழைத்தான் என்பது. இரண்டும் கேட்கச் சுவையானவை. இரண்டும் முழு உண்மை அல்ல.

மலைக்குச் செல்லும் பழக்கம்

பெலே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வழுக்கை அல்லது தோல் உரிந்தது என்று பொருள். சுமார் 1,400 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் உச்சியில் மரங்கள் இல்லாததால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். 1792 இலும் 1851 இலும் அது சற்றே புகைந்து, சாம்பல் தூவி அடங்கியது. அவ்விரண்டு நிகழ்வுகளிலும் பெரிய கேடு எதுவும் நேரவில்லை. எனவே சேன் பியேர் மக்கள் அதை அச்சம் தரும் மலையாகக் கருதவில்லை. விடுமுறை நாளில் உணவு கட்டிக்கொண்டு உச்சி ஏரிக்கரைக்குப் போய் வருவது அவர்களுடைய பொழுதுபோக்கு.

1902 ஆம் ஆண்டு மே 4, ஞாயிற்றுக்கிழமை, நகரின் உடற்பயிற்சி, துப்பாக்கி சுடும் சங்கம் அப்படியொரு மலைப்பயணத்திற்கு ஏற்பாடு செய்திருந்தது. உள்ளூர் நாளிதழான 'லெ கொலொனி'யில் அதற்கு அறிவிப்பும் வந்தது. மலை ஏற்கெனவே சாம்பல் கக்கத் தொடங்கியிருந்த வேளை அது. எரிமலை வாயை நெருங்க முடியாத நிலை ஏற்பட்ட பின்னரே பயணம் கைவிடப்பட்டது. இன்றைய சுற்றுலாவின் முன்னோடி என்று இதைச் சொல்லலாம்.

வடக்கு நோக்கிய பாதை

போர்-த-பிரான்சிலிருந்து மோர்ன் ரூஜ் வரை மலைக்காட்டின் ஊடே செல்லும் சாலைக்கு 'திராஸ்' (தடம்) என்று பெயர். வழியில் பலாத்தா என்ற இடத்தில் ஒரு தாவரத் தோட்டம் உண்டு. அதைத் தாண்டினால் கார்பே சிகரங்களின் அடிவாரம். மரப்பெரணிகள், மூங்கில், மரக்கிளைகளில் தொற்றி வளரும் செடிகள் எனச் சாலையின் இருபுறமும் ஈரம் சொட்டும். அத்லாந்திக்கிலிருந்து வரும் காற்று இச்சிகரங்களில் மோதி மேலெழுந்து மழையாகப் பெய்வதே இந்தப் பசுமைக்குக் காரணம். பெலே மலையும் வட மார்த்தினிக்கின் சிகரங்களும் அவற்றின் காடுகளும் 2023 இல் யுனெசுகோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

மோர்ன் ரூஜ் வந்ததும் மலை கண்முன் நிற்கும், மேகம் மூடாதிருந்தால். பெரும்பாலான நாட்களில் மூடியிருக்கும்.

சேன் பியேர் என்ற நகரம்

1635 இல் பியேர் பெலேன் தெனாம்புக் என்பவர் பிரான்சுக்காக இங்குக் குடியேற்றம் அமைத்தார். சர்க்கரையும் இரம்மும் இந்நகரத்தை வளர்த்தன. அந்தச் சர்க்கரையை விளைவித்தது ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு. 1848 மே மாதத்தில் சேன் பியேர் பகுதியில் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து மார்த்தினிக்கில் அடிமைமுறை ஒழிந்தது. ஆட்சித் தலைநகர் போர்-த-பிரான்சு என்றாலும் வணிகமும் பண்பாட்டு வாழ்வும் சேன் பியேரிலேயே குவிந்திருந்தன. நாடக அரங்கு, தாவரத் தோட்டம், மேல்நிலைப் பள்ளி, பேராலயம் ஆகியவற்றுடன் 'கரிபியத்தின் பாரிசு' என்று அழைக்கப்பட்ட நகரம் அது.

அடிமைகள் விடுதலை பெற்றதும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853 மே மாதம், முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளருடன் 'ஒரேலி' என்ற கப்பல் இத்தீவை அடைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இவ்வாறு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஏறத்தாழ 25,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறிய தமிழர் இவர்களுள் மிகுதி. பலர் பெலே மலையின் வடகிழக்குச் சரிவிலுள்ள பாஸ் புவாந்த், மக்கூபா வட்டாரத் தோட்டங்களில் குடியமர்ந்தனர். மாரியம்மன் அங்கு 'மரியேமென்' ஆகவும், மதுரைவீரன் 'மல்தெவிலான்' ஆகவும் இன்றும் வழிபடப்படுகின்றனர். இவர்கள் வாழ்ந்த சரிவையும் அந்த மலை விட்டுவைக்கவில்லை. அது பின்னர்.

பதினைந்து நாள் எச்சரிக்கை

1902 ஏப்ரல் 23 ஆம் நாளிலிருந்தே நில அதிர்வும் கந்தக நெடியும் உணரப்பட்டன. ஏப்ரல் 25 இல் மலை சாம்பலை உமிழ்ந்தது. மே 2 இரவு வெடிப்பு வலுத்து, சுற்றுப்புறம் முழுவதும் சாம்பல் படிந்தது. மே 5 அன்று, மலையிலிருந்து வெண்ணாறு வழியாகப் பாய்ந்த கொதிசேறு ஆற்று முகத்திலிருந்த கெரேன் சர்க்கரை ஆலையை அங்கிருந்தவர்களோடு புதைத்தது. கடல் உள்வாங்கி, பின் அலையாக நகருக்குள் வந்தது.

இத்தனைக்கும் பிறகு நகரம் காலியாகவில்லை. மாறாக நிறைந்தது. மலையடிவாரக் கிராமங்களில் இருந்தவர்கள் தங்கள் ஊரைவிடச் சேன் பியேர் பாதுகாப்பானது என்று கருதி அங்கு வந்து சேர்ந்தனர். வழக்கமாக 26,000 பேர் வாழ்ந்த நகரில் மே 8 காலையில் சுமார் 28,000 முதல் 30,000 பேர் வரை இருந்தனர்.

ஏன் வெளியேறவில்லை?

தேர்தல் கதை இங்கேதான் வருகிறது. பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலின் முதற்சுற்று ஏப்ரல் 27 இலும் இரண்டாம் சுற்று மே 11 இலும் நடைபெற இருந்தது உண்மை. வாக்காளர்கள் போய்விடக் கூடாது என்று ஆளுநர் லூயி மூத்தே படைவீரர்களை நிறுத்தி வழிகளை அடைத்தார் என்று பிற்காலத்தில் எழுதினார்கள். இதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. போர்-த-பிரான்சுக்குச் செல்லும் நீராவிப் படகுகள் நாள்தோறும் ஓடிக்கொண்டிருந்தன. வசதி படைத்தவர் சிலர் புறப்பட்டும் போயினர். மூத்தே தம் மனைவியுடன் மே 7 அன்று சேன் பியேருக்கு வந்து தங்கி, மறுநாள் அங்கேயே இறந்தார். ஆபத்தை அறிந்தே பிறரைச் சாவுக்கு விட்டவர் தம் மனைவியை அங்கு அழைத்து வந்திருப்பாரா?

அவர் அமைத்த குழுவின் செயலே உண்மைக்கு நெருக்கமான விடையைத் தருகிறது. மேல்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் காஸ்தோன் லாந்து அதில் முதன்மையானவர். அன்று எரிமலை என்றாலே எரிகுழம்பு ஓடுவதும், சாம்பல் விழுவதும், நிலம் அதிர்வதும்தான் மனத்தில் இருந்தன. எரிகுழம்பு மெதுவாக ஓடும். பள்ளத்தைத் தேடி ஓடும். எரிமலை வாய்க்கும் நகருக்கும் இடையே சுமார் 7 கிலோமீட்டர் தொலைவும் ஆழமான பள்ளத்தாக்குகளும் இருந்தன. எனவே எது வந்தாலும் அப்பள்ளத்தாக்குகள் அதைக் கடலுக்குக் கொண்டு சேர்த்துவிடும் என்று குழு முடிவு செய்தது. தமக்குத் தெரிந்த ஆபத்தைப் பொறுத்தவரை அவர்களின் கணக்கு தவறில்லை. வந்தது அவர்கள் அறியாத வேறொன்று. லாந்தும் மறுநாள் இறந்தார்.

மே 7 அன்று தெற்கே செயின்ட் வின்சென்ட் தீவின் சூஃப்ரியேர் எரிமலை வெடித்து 1,500 க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அங்கு வெடித்ததால் இங்கு அழுத்தம் குறையும் என்று சேன் பியேரில் சிலர் ஆறுதல் அடைந்ததாகத் தெரிகிறது. அதே நேரத்தில், வெசூவியசு எரிமலையின் நிழலில் பிறந்த இத்தாலியக் கப்பல் தலைவர் ஒருவர் 'ஓர்சொலினா' என்ற தம் கப்பலில் சரக்கை முழுதும் ஏற்றாமலேயே துறைமுகத்தை விட்டு அகன்றார் என்ற செய்தி பல நூல்களில் இடம்பெறுகிறது. அவரும் கனல் மேகத்தை அறிந்தவரல்லர். எரிமலையை நம்பக் கூடாது என்பதை மட்டும் அறிந்தவர்.

மே 8

அன்று இயேசுவின் விண்ணேற்றப் பெருவிழா. காலை 8 மணியளவில் மலையின் தென்மேற்குப் பக்கத்திலிருந்து சுடுவளியும் சாம்பலும் பாறைத் துகள்களும் கலந்த கரிய மேகம் ஒன்று தரையை ஒட்டிப் பாய்ந்தது. நூற்றுக்கணக்கான பாகை வெப்பத்துடன், பள்ளத்தாக்குகளையும் மேடுகளையும் பொருட்படுத்தாமல் வந்த அது ஓரிரு நிமிடங்களில் நகரை அடைந்தது. கல்சுவர்கள் சாய்ந்தன. கிடங்குகளிலிருந்த இரம் தீப்பற்றியது. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எரிந்தும் கவிழ்ந்தும் போயின. 'ரொட்டம்' என்ற பிரித்தானியக் கப்பல் மட்டும் எரிந்த உடல்களுடன் செயின்ட் லூசியாவை எட்டியது.

இன்று பயணிகள் ஏறி இறங்கும் நாடக அரங்கின் படிக்கட்டு அன்றைய மிச்சம். அதை ஒட்டியே சிபாரிசின் சிறை அறை உள்ளது. தடித்த கற்சுவரும், மலைக்கு எதிர்ப்புறமாகச் சிறு திறப்பும் கொண்ட அவ்வறையில் தீக்காயங்களுடன் கிடந்த அவரை மே 11 இல் மீட்டனர். பின்னர் பார்னம்-பெய்லி சர்க்கசு நிறுவனம் அவரை ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தது. 'ஒரே ஒருவர்' என்ற புகழ் அந்த விளம்பரங்களால்தான் நிலைத்தது. ஆனால் நகரின் ஓரத்தில் வாழ்ந்த செருப்புத் தைப்பவரான லியோன் கொம்பேர்-லேயாந்தர் என்பவரும் பிழைத்தார். காட்சிக்கூடம் அவரைத் தேடி வராததால் வழிகாட்டிகளின் கதையிலும் அவருக்கு இடம் குறைவு.

ஆகஸ்ட் 30

சுற்றுலாப் பேருந்து காலையில் கடந்து வந்த மோர்ன் ரூஜ் ஊருக்கு மீண்டும் திரும்ப வேண்டும். மே 8 அன்று அது தப்பியது. போர்-த-பிரான்சில் ஏதிலிகளாக இருந்த வடபகுதி மக்கள் பலர் ஆகஸ்டு மாதத்துக்குள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பியிருந்தனர். ஆகஸ்ட் 30 இரவு மலை மீண்டும் வெடித்தது. இம்முறை மோர்ன் ரூஜ், அழூப்பா புய்யோன், பாஸ் புவாந்த் பகுதிகள் தாக்கப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மே 8 சாவுகளுக்கு அறியாமை காரணம் என்று கூறலாம். ஆகஸ்ட் 30 ஐப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அந்த மேகம் என்ன செய்யும் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குற்றம் தேட வேண்டிய இடம் எது என்று கேட்டால், தேர்தலை அல்ல, இந்த இரவையே நான் காட்டுவேன். சுற்றுலாவிலோ இதைப் பற்றிய பேச்சு அரிது; இடிபாடு எதுவும் எஞ்சாத ஊர்களில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

கனல் மேகம்

பிரெஞ்சு அறிவியல் கழகம் அனுப்பிய புவியியலாளர் அல்பிரெட் லாக்ருவா, பெலே மலையில் தாம் கண்டவற்றை 1904 இல் பெரிய நூலாக வெளியிட்டார். கொல்லும் மேகத்தைக் குறிக்க அவர் கையாண்ட 'கனல் மேகம்' என்ற சொல் எரிமலையியலில் நிலைத்தது. இவ்வகை வெடிப்பைப் 'பெலே வகை' என்றே இன்றும் குறிக்கின்றனர். எரிமலை வாயிலிருந்து இறுகிய பாறைத் தூண் ஒன்று முந்நூறு மீட்டருக்கும் மேலாக வளர்ந்து 1903 இல் உதிர்ந்ததையும் அவர் பதிவு செய்தார்.

1929 இல் மலை மீண்டும் சீறியது. 1932 வரை ஓயவில்லை. இம்முறை மக்கள் வெளியேற்றப்பட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. அதை அருகிலிருந்து ஆராய்ந்த அமெரிக்கர் பிராங்க் பெரெட் 1933 இல் சேன் பியேரில் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினார். வெப்பத்தில் உருகிய கண்ணாடிப் பொருட்களையும், நசுங்கிக் கோணலான பேராலய மணியையும் அங்குக் காணலாம்.

எச்சரிக்கையை மதிப்பதற்கும் ஒரு விலை உண்டு. 1976 இல் அண்டைத் தீவான குவாதலூப்பின் சூஃப்ரியேர் எரிமலை குமுறியபோது, சேன் பியேர் நினைவில் இருந்ததால், 70,000 க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் மூன்று மாதங்களுக்கும் மேலாக வீட்டிற்குத் திரும்பவில்லை. பெருவெடிப்பு நிகழவில்லை. வெளியேற்றியது சரியா என்று பிரெஞ்சு அறிவியலாளர்கள் வெளிப்படையாகவே சண்டையிட்டனர். தலைநகர் பாஸ் தேரின் வணிகம் நொடித்தது.

சேன் பியேர் 1910 இல் தனி ஊராட்சி என்ற நிலையையும் இழந்து, 1923 இல் அதைத் திரும்பப் பெற்றது. இன்று அங்கு வாழ்வோர் சில ஆயிரம் பேர். பழைய சுவர்களின் மேலேயே புதிய வீடுகள் எழுந்துள்ளன. பெலே மலையில் சிறு அதிர்வுகள் கூடியதால் 2020 டிசம்பரில் எச்சரிக்கை நிலை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு உயர்த்தப்பட்டது. சரிவில் நடக்க வருவோர் குறையவில்லை.