இல்லத்துக் காற்றும் நம் பொறுப்பும்

பக்தாத் நகரில் மருத்துவமனை ஒன்று எழுப்ப இடம் தேடியபோது, மருத்துவப் பேரறிஞர் அர்-ராஸீ (865–925) நகரின் பல பகுதிகளிலும் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிடச் செய்தார் என்றும், எவ்விடத்து இறைச்சி விரைவில் கெடாதிருந்ததோ அவ்விடத்தையே தேர்ந்தார் என்றும் மருத்துவர்களின் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ குறிப்பிடுகிறார். கால முரண் கருதி இதனை ஐயுறுவோர் உளர். ஆயினும், கண்ணுக்குப் புலப்படாத காற்றைப் புலப்படும் அடையாளம் ஒன்றால் சோதித்தறிய வேண்டும் என்ற அறிவு இக்கதையில் பொதிந்துள்ளது.

அழுகலுக்கு நாற்றமேனும் உண்டு. நிறமும் மணமும் சுவையும் அற்ற வாயு ஒன்று இல்லத்துள் புகுந்தால் எவ்வாறு அறிவது? ரேடான் அத்தகைய வாயு. பாறையிலும் மண்ணிலும் சிறிதளவு கலந்துள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியத்திலிருந்து ரேடான் பிறக்கிறது. அது 3.8 நாள்களில் பாதியாகச் சிதைந்துவிடும். அச்சிதைவில் தோன்றும் நுண்துகள்கள் தூசியில் ஒட்டி, மூச்சுடன் சென்று நுரையீரலில் படிந்து, ஆல்ஃபாக் கதிர்களை வீசிப் புற்றுநோய்க்கு வித்திடுகின்றன.

இவ்வுண்மை எளிதில் கிட்டிவிடவில்லை. கார்பேதிய மலைச் சுரங்கப் பகுதிகளில், ஏழு கணவரை மணந்து எழுவரையும் நோய்க்குப் பறிகொடுத்த பெண்கள் உளர் என்று 1556-இல் வெளியான சுரங்கவியல் நூலில் ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா எழுதினார். தூசியே காரணம் என அவர் கருதினார். 1879-இல் ஹார்டிங், ஹெஸ்ஸே என்னும் இருவர், ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரை மாய்த்து வந்தது நுரையீரற் புற்றே எனக் காட்டினர். 1900-இல் டோர்ன் என்னும் விஞ்ஞானி, ரேடியத்திலிருந்து கதிரியக்க வாயு எழுவதைக் கண்டார். எனினும், ரேடான் மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது 1988-இல்தான். அதற்குள் எத்தனை இல்லங்கள் விளக்கிழந்தனவோ!

இது சுரங்கத்தோடு நிற்கும் தீங்கன்று என்பதை 1984-இல் அமெரிக்காவில் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று உணர்த்தியது. பென்சில்வேனியாவின் லிமரிக் அணுமின் நிலையத்தில் பணியாற்றிய பொறியாளர் ஒருவர் காலையில் உள்ளே நுழையும்போதே அபாய மணி ஒலித்தது. ஆராய்ந்ததில், அவர் வீட்டிலிருந்தே கதிரியக்கத்தைச் சுமந்து வந்தமை தெரிந்தது. அவ்வீட்டினுள் ரேடான் மிக அதிகமாகத் தேங்கியிருந்தது.

ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரல் ரேடான் கூடுந்தோறும் நுரையீரற் புற்றின் வாய்ப்பு சுமார் 16 விழுக்காடு உயர்கிறது என்று ஐரோப்பிய ஆய்வுகளின் தொகுப்பு 2005-இல் காட்டியது. நொடிக்கு ஓர் அணு சிதைவதே ஒரு பெக்கரல் ஆகும். 2009-இல் உலக சுகாதார நிறுவனம் இல்லங்களுக்கு அந்த 100 பெக்கரலையே வழிகாட்டும் அளவாக வைத்தது. அது இயலாத நாடுகளிலும் 300-ஐத் தாண்டலாகாது என்றது. புகைப்போருக்கு ரேடானால் வரும் ஆபத்து, புகையாதோரைவிட ஏறத்தாழ 25 மடங்கு என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

நம் திருவண்ணாமலையோ கருங்கல் பூமி. பாறை நிலத்தில் வீடு கட்டி, அதன் கல்லையே அடித்தளத்துக்கும் இடுகிறோம். இங்குள்ள அரசு கலைக் கல்லூரியின் இயற்பியல் துறையினர், இம்மாவட்டத்துக் கட்டடப் பொருள்களிலுள்ள இயற்கைக் கதிரியக்கத்தை அளந்து ஆய்வுரைகள் வெளியிட்டிருப்பது பாராட்டுக்குரியது.

கல்லைக் கண்டு நாம் கலங்க வேண்டியதில்லை. திறந்த வெளியில் ரேடான் காற்றோடு கலந்து நீர்த்துப்போகிறது. அடைத்த அறையில்தான் அது தேங்குகிறது. நம் முன்னோர் வீட்டில் முற்றம் இருந்தது. ஓட்டுக் கூரையின் இடுக்கெல்லாம் காற்று உலவியது. இன்றோ குளிர்சாதனத்தை நம்பி இரவும் பகலும் சாளரங்களை அடைத்து வைக்கிறோம். நிலத்தை ஒட்டிய கீழ்த்தள அறையில் முதியோரைத் தங்கவைத்து, அங்கேயே பீடியும் பற்றவைப்பாருண்டு.

இன்று இறைச்சித் துண்டுக்குப் பதிலாகச் சிறு பிளாஸ்டிக் படலம் ஒன்றை அறையில் சில மாதங்கள் தொங்கவிட்டு, அதில் ஆல்ஃபாக் கதிர்கள் பதித்த தடங்களை எண்ணி ரேடானை அளக்கின்றனர். அளவி கைக்கு வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தரையின் வெடிப்புகளைப் பூசி அடைப்போம். நாள்தோறும் சாளரங்களைத் திறந்து வைப்போம். வீட்டினுள் புகைப்பதை அறவே விடுவோம். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் வீட்டார் சுவாசிக்கும் காற்றுக்கும் நாமே பொறுப்பாளர்.