கம்பம்மெட்டு: ஏலத் தோட்டங்களில் எளிய மொழி

தேனி–இடுக்கி எல்லையிலுள்ள மலைவழி கம்பம்மெட்டு. கம்பம் பள்ளத்தாக்கின் தமிழ்த் தொழிலாளர்கள் ஜீப்பேறி இவ்வழியே ஏலத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். பாம்பாடும்பாறை, மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையங்களின் பரிந்துரைகள் மருந்து தெளிக்கும் இவர்களுக்கும் எட்டவேண்டும். அழுகல் நோய்க்கு ‘ஒரு சதவீத போர்டோ கலவை’ என்று எழுதினால் அளவு விளங்காது. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்றால் விளங்கும். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கிப் பார்த்து, செம்புநிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்கச் சொல்வது அதைவிடத் தெளிவு. டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சணம் இட்ட தூரில் உடனே இக்கலவையை ஊற்றக்கூடாது; காரணத்தையும் சொல்லவேண்டும்: கலவையிலுள்ள செம்பு அந்தப் பூஞ்சணத்தையும் கொல்லும். மருந்து பாட்டிலின் குறியையும் இப்படியே விளக்கவேண்டும்: சிவப்பு முக்கோணம் கடும் நஞ்சைக் குறிக்கும். பச்சை என்றால் நஞ்சு குறைவு, அவ்வளவே. கையுறை அப்போதும் வேண்டும்.