சைகையும் மொழியே

ஸகரிய்யா (அலை) அவர்கள் மூன்று நாட்கள் மக்களிடம் சைகையாலன்றிப் பேசலாகாது என்பதே அவர்களுக்குரிய அத்தாட்சியாக அருளப்பட்டதைத் திருமறை (3:41) கூறுகிறது. தம்மீது எழுந்த பழிச்சொல்லுக்கு மர்யம் (அலை) அவர்கள் குழந்தையைச் சுட்டிக்காட்டியே விடை பகர்ந்தார்கள் (19:29). இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தலாக் முதலிய காரியங்களில் சைகை பற்றித் தனிப் பாடமே வகுத்துள்ளார்கள். 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு ஹனஃபி ஃபிக்ஹின்படி தொகுத்த 'மஜல்லா'வின் 70ஆம் விதி, வாய்பேசாதவரின் அறியப்பட்ட சைகையை நாவின் மொழிக்கு நிகராக ஏற்றது.

'அறியப்பட்ட' என்னும் நிபந்தனை சிந்திக்கத்தக்கது. சைகை அறியப்பட வேண்டுமெனில், அதைக் கற்றறிந்தோர் சமுதாயத்தில் இருத்தல் வேண்டும். உஸ்மானிய அரண்மனை இதற்குச் சான்று. அங்குப் பணிபுரிந்த செவிப்புலனற்றோரின் சைகைமொழியை சுல்தான்களும் பயின்றனர். மூத்தோர் இளையோருக்கு அதைக் கற்பித்ததையும், கதைகளையும் மார்க்கச் செய்திகளையும் அம்மொழியிலேயே எடுத்துரைக்க அவர்களால் இயன்றதையும் 1660களில் இஸ்தான்பூலில் வாழ்ந்த ஆங்கிலேயர் பால் ரைக்கோட் பதிவு செய்துள்ளார். கதை சொல்லும் கலைக்குக் குரல் இன்றியமையாததன்று என்பதை இது உணர்த்துகிறது.

பாரதிராஜாவையும் இளையராஜாவையும் தேனிச் சீமையிலிருந்து பெற்ற தமிழ்த்திரையில் நிலை வேறு. 2007இல் வெளிவந்த 'மொழி'யில் செவிப்புலனற்ற பெண்ணாக, கேட்கும் திறனுள்ள ஜோதிகா நடித்தார். 2009இல் 'நாடோடிகள்' வழியே அறிமுகமான அபிநயா, பிறவியிலேயே செவித்திறனற்றவர். ஆயினும் பேசும் பெண்ணாக, இரவல் குரலோடு தோன்றினார். அவர்தம் ஆற்றல் போற்றப்பட்டது; அவர்தம் மொழி திரைக்கு வரவில்லை.

2015இல் புதுதில்லியில் இந்திய சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. 2023 செப்டம்பரில் செவித்திறனற்ற வழக்கறிஞர் ஒருவர், மொழிபெயர்ப்பாளர் துணையுடன் உச்ச நீதிமன்றத்தில் முன்னிலையானார். மக்காவின் ஹரம் ஷரீஃபில் ஜும்ஆ உரை சைகையிலும் பெயர்க்கப்படுகிறது.

கம்பம், உத்தமபாளையம் பகுதிகளின் இராவுத்தர் பெருமக்கள் பெரும்பாலும் ஹனஃபி வழியினர். வாய்பேசாதவர் சைகையால் நிகாஹை ஏற்பது செல்லும் என்பது அவர்கள் பின்பற்றும் சட்டம். மணமேடையில் அவரது சைகையை ஏற்கும் ஜமாஅத், பயான் மேடையில் அவருக்கு விளங்கும் மொழியில் பேச ஒருவரையேனும் பயிற்றுவிக்க வேண்டாமா? மதரஸா மாணவர் இருவர் அம்மொழியைக் கற்றாலே இப்பணி தொடங்கிவிடும்.