தோட்டத்துச் சோறும் தாமான் வாழ்க்கையும்

இனிப்பு நீரும் மாரடைப்பும் வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்கு வரும் நோய்கள் என்ற பேச்சு நம்மவரிடையே நெடுநாளாக உண்டு. கிளினிக் வரிசையில் நிற்கும் ஒரு பெரியவரிடம் "சீனியைக் குறைங்க, சோற்றைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவதும் எளிது. ஆனால் அந்தச் சோறும் சீனியும் அவர் தட்டுக்கு எப்படி வந்தன, அவற்றைச் செரித்த உழைப்பு எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. அதற்கான விடை நெகிரி செம்பிலான் தோட்டங்களின் நூறாண்டு வரலாற்றில் இருக்கிறது.

உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை உலக மருத்துவத்திற்கு மெய்ப்பித்துக் காட்டிய இடங்களில் இந்த மாநிலமும் ஒன்று. இதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

சிரம்பான் மருத்துவரும் புழுங்கல் அரிசியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை உலுக்கிய நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால் வீங்கும், மரத்துப் போகும், மூச்சு வாங்கும். கடைசியில் இதயம் வீங்கி, துடிக்கும் வலுவை இழந்து, ஆள் இறந்துவிடுவார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் இந்நோயால் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். காரணம் கிருமி என்றனர் சிலர். மண்ணிலிருந்து எழும் நச்சுக் காற்று என்றனர் வேறு சிலர்.

நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவத் தலைவராக இருந்த டாக்டர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். அதே ஊரில், அதே வெயிலிலும் மழையிலும் வேலை செய்த தமிழர்களுக்கு இந்நோய் அரிதாகவே வந்தது. மலாய்க் கிராமங்களிலும் அப்படியே. சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. மலாய்க்காரர்கள் வீட்டு உரலில் குத்திய அரிசியை உண்டார்கள். தமிழர்களோ ஊரிலிருந்தே பழகிய புழுங்கல் அரிசியை விடவில்லை. வேறுபாடு அரிசியில்தான் இருக்கிறது என்று பிராடன் 1907-இல் ஒரு தடித்த நூலே எழுதி வெளியிட்டார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் நினைத்தது சரியில்லை. ஆனால் கெடுதல் எந்த அரிசியில் என்று அவர் காட்டியது சரி.

ஏறக்குறைய அதே காலத்தில், கோலாலம்பூர் மனநல விடுதியில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். மறு பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை.

அடுத்த சோதனை நெகிரி செம்பிலானிலேயே நடந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள், டுரியான் திப்புஸ் பகுதிக் காட்டில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை எடுத்துக்கொண்டார்கள். இங்கும் ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல். சில மாதங்களில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டியது. அரிசியை மாற்றினார்கள், நோய் நின்றது. இருப்பிடத்தை மாற்றிப் பார்த்தார்கள், நோய் அரிசியைத்தான் பின்தொடர்ந்தது. அந்தத் தொழிலாளர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. இன்று எந்த அறநெறிக் குழுவும் இதை அனுமதிக்காது. 1909-இல் வெளிவந்த அவர்களது அறிக்கையும், அதற்கு முன்பே ஜாவாவில் கோழிகளை வைத்து ஐக்மேன் செய்த ஆய்வும் சேர்ந்து வைட்டமின் என்ற கருத்துக்கு வழி திறந்தன. ஐக்மேனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிரம்பான் மருத்துவரின் பெயர் மறந்து போயிற்று.

நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு தங்கும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் அரிசியைப் புழுக்கிய பெண்களுக்கு வைட்டமின் தெரியாது. சோறு மறுநாள் வரை பழையதாக நிற்கும், தூக்குச் சட்டியில் காட்டுக்குக் கொண்டு போகலாம் என்பது தெரியும். அந்தப் பழக்கம் கப்பல் ஏறி வந்து தோட்டத்துத் தமிழரின் இதயத்தைக் காப்பாற்றியது.

பெரட்டுக் களத்திலிருந்து காடு வரை

பெரிபெரியில் தப்பியதால் தோட்ட வாழ்க்கை நலமாக இருந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மலேரியாவும் கொக்கிப் புழுவும் வயிற்றுக்கடுப்பும் லயங்களைக் காலி செய்தன. நெகிரி செம்பிலான் மலைச்சரிவு நிலம். காட்டை அழித்ததும் வெயில் பட்ட ஓடைகளில் மலேரியாக் கொசு பெருகியது. அந்தக் காலத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரின் கையில் இருந்தது கொயினா மாத்திரை. இனிப்பு நீரைப் பற்றிக் கவலைப்படும் வயது வரை பலர் வாழவே இல்லை.

வாழ்ந்தவர்களின் ஒரு நாள் எப்படி இருந்தது? இருள் பிரியுமுன் பெரட்டு. கங்காணி பெயர் கூப்பிட்டதும் கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, லின்சமோ சிலியாவோ லாபுவோ, அவரவர் நிரைக்கு நடக்க வேண்டும். நானூறு, ஐந்நூறு கித்தா மரம் ஒருவர் பங்கு. ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து நிமிர்ந்து சீவி, பிறகு அதே மரங்களை மறுபடி சுற்றிப் பாலெடுத்து, இரு வாளிகளைக் காண்டாக் கம்பில் தூக்கி மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டோருக்கு நடக்க வேண்டும். மதியத்துக்கு மேல் மாட்டுக்குப் புல், கொல்லையில் கீரை, முருங்கை, மரவள்ளி.

அந்த உடலுக்குத் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. டின் பால் ஊற்றிய இனிப்புத் தேநீர் மலிவான தெம்பு. கறியும் மீனும் சம்பள நாளில்தான். கூலி குறைவாக இருந்த இடத்தில் வயிற்றை நிரப்பியது மாவுச்சத்து. அதைத் தேர்வு என்று சொல்வது பொருந்தாது. கடையில் கடனுக்குக் கிடைத்ததுதான் உணவு. கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது.

ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரை அந்தச் சோறும் இல்லை. மரவள்ளிக்கிழங்கே உணவு, பலர் சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பவில்லை. இங்கே ஐரோப்பிய நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் கடும் பஞ்சம். அப்போது தாய் வயிற்றில் இருந்த குழந்தைகள் ஐம்பது வயதை எட்டியபோது சோதித்தார்கள். அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறனில் குறைந்திருந்தது. கருவில் பட்டினி கண்ட உடலுக்குப் பிற்காலத்தில் வரும் மிகுதி உணவு பாரமாகிவிடுகிறது. ஹாலந்துக்குச் சொன்ன கணக்கைத் தோட்டத்து லயத்துக்கும் சொல்வது தவறாகாது.

தட்டு மாறவில்லை, வேலை மாறியது

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. அதற்குப் பிறகு சிரம்பான், செனாவாங், நீலாய் வட்டாரங்களில் தோட்டம் இருந்த இடத்தில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் எழுந்தன. மரம் சீவியவர்களின் பிள்ளைகள் தாமான் வீட்டுக்குப் போனார்கள். வாசலுக்கே கம்பெனி பஸ் வந்தது. எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை. இரவு ஷிப்டும் சேர்ந்தால் தூக்கமும் சாப்பாட்டு நேரமும் தலைகீழ்.

தட்டில் சோற்றின் அளவு அப்படியே நின்றது. பசியாற ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சேர்ந்துகொண்டன. கொல்லைக் கீரை மறைந்தது. மலேசிய அங்காடிகளில் பெரும்பாலும் கிடைப்பது வெள்ளை அரிசி என்பதால் புழுங்கலும் பல வீடுகளில் விடைபெற்றது.

உட்கார்ந்த வேலை இதயத்தை என்ன செய்யும் என்பதை லண்டன் பஸ்கள் காட்டின. டாக்டர் ஜெரி மாரிஸ் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம். மாடிப் பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்குக் குறைவு. ஒரே பஸ், ஒரே நிறுவனம். நம்மவர் கதையில் அப்பா நடத்துநர், மகன் ஓட்டுநர்.

அரிசியைப் பற்றியும் கணக்கு உண்டு. சென்னை டாக்டர் வி. மோகன் குழுவினர் பங்கேற்று 2020-இல் வெளியான ஆய்வு, 21 நாடுகளில் ஒன்றேகால் இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தது. வெள்ளை அரிசியை மிகுதியாக உண்டவர்களுக்கு நீரிழிவு அதிகம். அந்தத் தொடர்பு தெற்காசியரிடம் மிக வலுவாக இருந்தது. உடனே புழுங்கல் அரிசி மூட்டையைத் தேடி ஓட வேண்டியதில்லை. நன்றாகத் தீட்டிய புழுங்கலும் சர்க்கரையை ஏற்றவே செய்யும், சற்றுக் குறைவாக. அளவும், தட்டில் அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும்தான் முக்கியம்.

இவற்றின் விளைவு நாட்டின் சுகாதார ஆய்வுகளில் தெரிகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டளவு 15.6-ஆகச் சற்று இறங்கியது. இரத்தத்தில் ஏறிய சர்க்கரை நாளங்களின் உட்சுவரைக் கெடுக்கிறது. கொழுப்பு அங்கே படிகிறது. இரத்த அழுத்தமும் புகையும் சேர்ந்தால் அடைப்பு விரைவாகிறது. நீரிழிவும் மாரடைப்பும் ஒரே வீட்டில் ஒட்டிப் பிறந்தவை.

தெற்காசிய உடலில் கொழுப்பு முதலில் வயிற்றில் தங்குகிறது. கை கால் மெலிந்தவர் "நான் ஒல்லிதானே" என்று நிம்மதியாக இருப்பார். ஆசியர்களுக்கு ஆணின் இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்ணின் இடுப்பு 80-ஐயும் தாண்டினால் எச்சரிக்கை என்பது அளவுகோல். தையல்காரரின் நாடா போதும்.

பரம்பரை, பட்டினி, கூலி என்று எல்லாம் சொன்ன பிறகு, செய்வதற்கு ஒன்றும் இல்லையா? உண்டு. அதுவும் நம்மைப் போன்ற உடல்களிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் இந்தியாவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றார்கள். தினம் அரை மணி நேர நடை, சோறு, சீனி, எண்ணெய் குறைப்பு. மூன்றாண்டு முடிவில், அறிவுரை பெறாதவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளானார்கள். இவர்களில் 39 விழுக்காட்டினர். மாத்திரை தந்த பிரிவிலும் ஏறத்தாழ இதே பலன். உடல் உழைப்பு வேலையில் இருந்தவர்களிடம் புதிதாக எதையும் செய்யச் சொல்லவில்லை; அந்த வேலையை விடாமல் செய்யுங்கள் என்றார்கள்.

அரசாங்கத்தின் பங்கும் உண்டு. சீனி மானியம் 2013-இல் நீக்கப்பட்டது. இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. ஆனால் அந்த வரி புட்டியில் அடைத்த பானத்துக்குத்தான். கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு இல்லை.

ரந்தாவ், போர்ட்டிக்சன், சிரம்பான் அரசு கிளினிக்குகளில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் சர்க்கரை எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும். கிளினிக் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. இரவு ஷிப்ட் முடித்தவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவது ஏழு மணிக்கு. அந்த ஒரு மணி நேரம் அவர் தூங்காமல் இருக்க வேண்டும்.