வட்டுவாகல் பாலத்தில் சைக்கிளுக்கு ஒரு கரை

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் வடக்குக்கு எரிபொருள் வருவது நின்றது. அடுத்த பல ஆண்டுகள் வன்னியில் ஓடிய சொற்ப வாகனங்களும் மண்ணெண்ணெயில் புகை கக்கியபடியே ஓடின. மற்ற எல்லாவற்றையும் சைக்கிள்தான் சுமந்தது. கரியரில் நெல்மூட்டை, பாரில் பிள்ளை, ஹாண்டிலில் மண்ணெண்ணெய்க் கான். இரவானால் அதே சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். ரயரில் உரசும் டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலியில் கொடுத்தால் பிபிசி தமிழோசை கேட்கும். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் செய்தியும் தேய்ந்துவிடும்.

வற்றாப்பளை கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளைப் பக்கமிருந்து போகிற வீதியில் அந்நாட்களில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை எதுவும் தேவைப்படவில்லை. குண்டும் குழியுமான கிரவல் றோட்டு முழுவதுமே சைக்கிள்காரருடையது. செல்லுக்கும் விமானத்துக்கும் பயந்த சனம் பின்னால் வரும் வாகனத்துக்குப் பயப்பட வேண்டியிருக்கவில்லை. வேகமாக வர அங்கே எதுவும் இருக்கவில்லை.

வாகனமில்லாத வீதி என்ற இதே அனுபவம் நெதர்லாந்துக்கும் ஒருமுறை வாய்த்தது, மிகச் சிறிய அளவில். 1971இல் அந்த நாட்டு வீதிகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973இன் எண்ணெய் நெருக்கடியில் சில ஞாயிற்றுக்கிழமைகள் கார் ஓடத் தடை வந்தது. வெறுமையான வீதியில் சைக்கிள் ஓடுவது எப்படியிருக்கும் என்பதை சனம் கண்டுகொண்டது. எரிபொருள் திரும்பி வந்த பிறகும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல், சைக்கிள் பாதைகளைக் கேட்டு வாங்கினார்கள்.

வன்னிக்கு அப்படிக் கேட்கும் அவகாசம் கிடைக்கவில்லை. 2009 மே நடுப்பகுதியில், போரின் முடிவில், முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலத்தால் வெளியேறியவர்கள் உயிரை மட்டும் கொண்டு வந்தார்கள். அவர்களுடைய சைக்கிள்கள் பின்னால் குவியல் குவியலாகக் கருகிக் கிடந்தன.

மீள்குடியேறியவர்களுக்கென்று இந்திய அரசு 10,000 சைக்கிள்கள் கொடுத்தது. அதே காலத்தில்தான் ஏ9 வீதியும் அதிலிருந்து பிரியும் வீதிகளும் காபற் வீதிகளாகின. நல்ல வீதி வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்து இருக்கவில்லை. நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகப் பட்ட பாடு அப்படி. ஆனால் அந்த வழவழப்பில் மணல் டிப்பரும் பஸ்ஸும் பறக்கத் தொடங்கின. வேகம் இரு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். விடியற்காலையில் ரியூசனுக்குப் போகும் பிள்ளைக்கு மிஞ்சியது வெள்ளைக்கோட்டுக்கு அப்பால் உள்ள மண்கரைதான். மழை பெய்தால் அதுவும் இல்லை.

பாதையைப் பிரித்துக் கொடுத்தால் பாதுகாப்பு வருமா? மொன்றியல் நகரில் தடுப்பு வைத்துப் பிரித்த சைக்கிள் பாதைகளை, அவற்றை ஒத்த சாதாரண வீதிகளோடு ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிரித்த பாதைகளில் காயப்படும் வாய்ப்பு 28 சதவீதம் குறைவு. கோபன்ஹேகனில் செய்த ஆய்வோ சந்திகளைச் சுட்டியது: தனிப்பாதை போட்ட பிறகு அங்கே விபத்து கூடியிருந்தது. சந்தியில் திரும்பும் சாரதியின் கண்ணில், ஒதுங்கி வரும் சைக்கிள் படுவதில்லை. இலண்டனில் 1934இல் முதற்பாதை திறந்தபோது அதை எதிர்த்தவர்களே சைக்கிள் சங்கத்தார்தான். பாதையைக் காட்டியே தங்களைப் பெருவீதியிலிருந்து விரட்டிவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். அது வீண் பயமல்ல. ஒழுங்கில்லாத பாதையைப் போட்டுவிட்டு அதற்குள்ளேயே போ என்பது சைக்கிள்காரருக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே வற்றாப்பளையின் உள்வீதிகளுக்குத் தடுப்புக்கட்டுத் தேவையில்லை. அங்கே வாகனத்தை மெதுவாக்கினால் போதும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு வரும் ஏ34, பரந்தனிலிருந்து வரும் ஏ35 ஆகியவற்றின் கதை வேறு. அங்கே வெறும் வெள்ளைக்கோடு டிப்பரை மறிக்காது. பாடசாலை, சந்தை உள்ள இடங்களிலாவது உயர்த்திய கரையும், சந்திக்குச் சந்தி வேகத்தடையும் வேண்டும்.

2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றபோது வன்னி திரும்பவும் சைக்கிளில் ஏறியது. எரிபொருள் வந்ததும் வீதி பழையபடி டிப்பருக்கே போனது. 2025 செப்டெம்பரில் ஏ35 வீதியில் உள்ள வட்டுவாகலில் புதிய பாலத்துக்கான வேலை தொடக்கி வைக்கப்பட்டது. பழைய பாலம் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுக்கம். எதிரே பஸ் வந்தால் சைக்கிளோடு ஒதுங்க இடமில்லை. பாலத்தைக் கட்டி முடித்த பிறகு அகலிப்பது எளிதல்ல. இரு பக்கமும் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் உயர்த்திய கரை வேண்டும் என்பதை கரைதுறைப்பற்று மக்களும் பிரதேச சபையும் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம் இப்போதே எழுத்தில் கேட்க வேண்டும்.